‘ஏர்லி’ முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஜனவரி 1-ஐ மறந்துவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் மூன்றாவது வாரம் பிறந்தால், அமெரிக்காவின் பேர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் ‘ஏர்லி’ எனப்படும் முன்கூட்டிய விண்ணப்பச் சுற்றில் இடம் கிடைத்த பிளஸ் 2 மாணவரின் படமும் பேட்டியும் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். தங்கள் நாளிதழும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மனமுவந்து இடம் தருகிறது. மகிழ்ச்சி. ஆனால் அதே விடியற்காலையில் அதே பல்கலைக்கழகத்திடமிருந்து, ‘இப்போது முடிவு சொல்லவில்லை, மார்ச்சில் சொல்கிறோம்’ என்ற பதிலை வாங்கிய பிள்ளைகள் அவரைப் போன்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அந்தப் பதிலுக்கு என்ன பொருள், அது வந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எடுத்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு. இந்தப் பிள்ளைகள் வாய்ப்பை இழப்பது பெரும்பாலும் அந்தப் பதிலால் அல்ல. அது வரும்வரை மற்ற விண்ணப்பங்களைத் தொடாமல் காத்திருந்ததால்தான் இழக்கிறார்கள். அதைப் பற்றி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும், குறிப்பாகத் தலைமை ஆசிரியர்களுக்கும் சில செய்திகளைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில், ‘ஏர்லி’ என்று எல்லாரும் ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒன்றல்ல. ‘ஏர்லி டிசிஷன்’ என்பது கட்டுப்பாடு உள்ளது. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு மாணவர், பெற்றோர், பள்ளி என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். கொலம்பியா, பென்சில்வேனியா, பிரவுன், கார்னெல், டார்ட்மத், டியூக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எல்லாம் இந்த வகை. ‘ஏர்லி ஆக்‌ஷன்’ அப்படிக் கட்டிப்போடாது. இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி. இந்த வகை (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்போர்டு ஆகிய நான்கும் நடுவில் நிற்கின்றன. கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. ஆனால் அங்கே ஏர்லியில் போட்டவர் வேறொரு அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தில் ஏர்லியில் போடக் கூடாது. ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் ஒரே நேரத்தில் ஏர்லி போட்டுவிட்டு, பிறகு எதைத் திரும்பப் பெறுவது என்று தவிக்கும் பிள்ளைகள் உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவற்றுக்கும் இந்தத் தடை பொதுவாக இல்லை.

எல்லா ஏர்லி முடிவும் டிசம்பரில் வருவதில்லை என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பர் 1-க்கு விண்ணப்பித்தாலும் பர்டூ பல்கலைக்கழகம் ஜனவரி நடுவில்தான் சொல்லும்; இல்லினாய், மிச்சிகன் எல்லாம் ஜனவரி கடைசி வரை எடுத்துக்கொள்ளும். ‘பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்துவிட்டது, உனக்கு ஏன் வரவில்லை’ என்று கேட்பதற்கு முன் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பது நல்லது.

இனி எண்ணிக்கை. 2023 டிசம்பரில் எம்.ஐ.டி.யின் ஏர்லி சுற்றில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தவர்கள் 661 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேரை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அதே மாதம் ஹார்வர்டில் 7,921 பேர் விண்ணப்பித்ததில் 692 பேருக்கு இடம் கிடைத்தது. அங்கேயும் மிகப் பெரும்பாலோருக்கு வந்தது ‘தள்ளிவைப்பு’தான். ஸ்டான்போர்டு நேர்மாறு. பெரும்பாலோருக்கு ஏர்லியிலேயே இறுதிப் பதிலைச் சொல்லிவிடுவது அவர்கள் வழக்கம். ஆகவே ‘டெஃபர்’ (தள்ளிவைப்பு) என்ற சொல் ஓரிடத்தில் பெரும்பாலோருக்கும் வரும் பொதுப் பதில், இன்னோரிடத்தில் சிலருக்கு மட்டும் வரும் நல்ல அறிகுறி. எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்க்காமல் அதை வைத்து மகிழவும் கூடாது, அழவும் கூடாது.

ஏர்லியில் போட்டால் வாய்ப்பு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சில ஏஜென்சிகள் விளம்பரம் செய்கின்றன. ஏர்லி சுற்றில் தேர்வு விகிதம் கூடுதலாகத் தெரிவது உண்மை. அதற்குக் காரணம், பல பல்கலைக்கழகங்கள் விளையாட்டு அணிக்காக ஏற்கெனவே பேசிவைத்த மாணவர்களும், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் அந்தச் சுற்றிலேயே வந்துவிடுகிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் ஊர்ப் பிள்ளைக்கு மிஞ்சும் கூடுதல் வாய்ப்பு மிகச் சிறிது. வெளிநாட்டு மாணவர்களுக்கு எம்.ஐ.டி.யில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலே நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர் என்ற அளவில்தான் இடம் கிடைக்கிறது. இந்த ஏர்லி முறையே வசதியானவர்களுக்குச் சாதகம் என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தன. மற்ற பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பின்தொடரவில்லை. நல்ல மாணவர்கள் வேறிடங்களில் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டார்கள். 2011-இல் இரண்டும் மீண்டும் கொண்டுவந்தன. எங்கள் கருத்தில் முதலில் எடுத்த முடிவே சரி. ஆனால் முறை இதுதான் என்று ஆகிவிட்ட பிறகு, அதற்குள் நம் பிள்ளைகள் ஏமாறாமல் இருக்க வழி பார்க்க வேண்டும்.

ஏமாறும் இடம் காலண்டரில் இருக்கிறது. பெரும்பாலான ஏர்லி முடிவுகள் டிசம்பர் நடுவில் வருகின்றன. வழக்கமான சுற்றுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி 1 முதல் 5 வரை. நடுவில் இரண்டு வாரம், சில சமயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த இரண்டு வாரத்திலேதான் நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு, அதன்பின் விடுமுறை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு 650 சொல் பொதுக் கட்டுரை தவிர, அவர்களே கேட்கும் சிறு கட்டுரைகள் இரண்டிலிருந்து ஐந்து வரை இருக்கும். எட்டு இடங்களுக்குப் போடுவதென்றால் 20, 25 சிறு கட்டுரைகள். மனம் உடைந்திருக்கும் பிள்ளை, இயற்பியல் தேர்வுக்கும் வேதியியல் தேர்வுக்கும் நடுவில், ‘எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் விரும்புகிறீர்கள்’ என்ற கேள்விக்கு எட்டு விதமாக எழுத முடியுமா? எழுதுவார்கள், ஆனால் பெயரை மட்டும் மாற்றி ஒரே பதிலை எல்லா இடத்துக்கும் ஒட்டுவார்கள். கார்னெலுக்குப் போன கட்டுரையில் ‘பிரவுன்’ என்ற பெயர் அப்படியே நின்றுவிடுவது இந்தப் பதினைந்து நாளில்தான்.

எனவே நாங்கள் சொல்வது ஒன்றே: மற்ற எல்லா விண்ணப்பங்களையும் டிசம்பர் 10-க்குள் எழுதி முடித்துவிடுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 90 டாலர் கட்டணம். எட்டு இடம் என்றால் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஏர்லியில் இடம் கிடைத்துவிட்டால் அந்தப் பணம் மிச்சம். கிடைக்காவிட்டால், ஒரு நாள் ஓய்வெடுத்து, எழுதியதை நிதானமாகப் படித்துத் திருத்தி, டிசம்பர் 27, 28-க்குள் அனுப்பலாம். கட்டணம் கட்ட முடியாத குடும்பம் என்றால் விலக்கு கேட்க வழி இருக்கிறது. பள்ளி அதை உறுதிசெய்து ஒரு வரி எழுதித் தர வேண்டும். அதையும் இப்போதே வாங்கிவைப்பது நல்லது.

டிசம்பர் 31 இரவுக்குத் தள்ளிவைத்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறோம். நம் வங்கிகளின் டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. வங்கியின் செயலியில் போய் நாமே திறக்க வேண்டும். இரவு 11 மணிக்குப் பணம் போகாமல் நிற்கும்போதுதான் பலருக்கு அது தெரிகிறது. அடுத்து, பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கப் பெரும்பாலோர் பயன்படுத்தும் காமன் ஆப் தளத்தில் பணம் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. மறுபடி உள்ளே வந்து, விண்ணப்பம் முழுவதையும் பார்த்ததாக ஒப்புக்கொண்டு, பெயரைத் தட்டச்சு செய்து கையெழுத்திட்ட பிறகே அது போகும். பணம் கட்டிய ரசீதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போன பிள்ளைகள் உண்டு. அந்தத் தளத்தில் கடைசி நேரம் என்பது விண்ணப்பிப்பவரின் ஊர் நேரப்படி இரவு 11.59. ‘அமெரிக்காவில் இப்போது பகல்தானே, இன்னும் பத்து மணி நேரம் இருக்கிறது’ என்ற கணக்கு அங்கே செல்லாது. எம்.ஐ.டி. போலச் சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் அவர்கள் குறிப்பிடும் நேரத்தைத்தான் பார்ப்பார்கள்.

முடிவு வரும் நாளைப் பற்றி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்கு வெளியாகும் முடிவு, டிசம்பரில் நமக்கு மறுநாள் காலை 5.30. ஊரெல்லாம் மார்கழிக் கோலம் போட எழும் நேரத்தில் இந்தப் பிள்ளைகள் திரையின் முன் உட்கார்ந்திருப்பார்கள். அன்று காலை பத்து மணிக்கு அரையாண்டுத் தேர்வு இருந்தால், முடிவைத் தேர்வு முடிந்து வந்து பாருங்கள் என்றுதான் நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். முதலில் பார்ப்பவருக்கு எந்த முன்னுரிமையும் இல்லை. விண்ணப்பித்தவருக்கென்று பல்கலைக்கழகம் தரும் இணையப் பக்கமான போர்ட்டலிலேயே கடிதம் இருக்கும், எங்கும் போய்விடாது. ஆனால் அந்தத் தேர்வின் மதிப்பெண் பிப்ரவரியில் அதே பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறது. (மார்ச் முடிவுகளின்போது அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியிருப்பார்கள். எம்.ஐ.டி. மார்ச் 14 அன்று மாலை 6.28-க்கு வெளியிடுவது வழக்கம்; அது நமக்கு 15-ஆம் தேதி அதிகாலை 3.58. அந்த நேரம் பிளஸ் 2 பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும். அப்போதும் இதே அறிவுரைதான்.)

மின்னஞ்சலில் பெரும்பாலும் ‘உங்கள் போர்ட்டலில் புதிய தகவல் இருக்கிறது’ என்று மட்டுமே இருக்கும். முடிவு போர்ட்டலுக்குள்தான். கடவுச்சொல்லை முதல் நாளே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலை மட்டும் நம்பி இனிப்பு வாங்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. 2009-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம், நிராகரித்த ஏறத்தாழ 28 ஆயிரம் பேருக்கும் சேர்த்து வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. 2012 ஜனவரியில் வாசர் கல்லூரியின் தளத்தில், சோதனைக்காக வைத்திருந்த ‘இடம் கிடைத்தது’ கடிதம் நிராகரிக்கப்பட்ட 76 பேருக்கும் தெரிந்தது. 2014 டிசம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஏர்லியில் இடம் கிடைக்காத 294 பேருக்கு வாழ்த்து அஞ்சல் போய்விட்டது. எல்லாமே முகவரிப் பட்டியலைத் தவறாக எடுத்ததாலோ, சோதனைப் பக்கத்தை மூடாமல் விட்டதாலோ நேர்ந்தவை. போர்ட்டலில் உள்ள கடிதத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி, பெயரும் பாடமும் ஆண்டும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு சொந்தக்காரர்களுக்குச் சொல்லலாம்.

முடிவுக்கு முந்தைய வாரத்தில் பிள்ளைகள் போர்ட்டலில் குறி பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நேற்று இருந்த பொத்தான் இன்று இல்லை, நிதியுதவிப் பக்கம் புதிதாகத் திறக்கிறது, எனக்கு இன்டர்வியூ வரவில்லை அவனுக்கு வந்தது என்று வாட்ஸ்அப் குழுக்களில் விடிய விடியப் பேச்சு. இவற்றில் எதற்கும் பொருள் இல்லை. தளத்தை நிர்வகிக்கும் மென்பொருள் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் மாறும். இன்டர்வியூ எடுக்க முன்னாள் மாணவர் கிடைத்தால் அழைப்பு வரும், இல்லாவிட்டால் வராது. வராததற்காக மதிப்பெண் குறைப்பதில்லை என்று பல்கலைக்கழகங்களே எழுதிவைத்திருக்கின்றன. போர்ட்டலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எந்த ஆவணமாவது ‘இன்னும் வரவில்லை’ என்று காட்டுகிறதா என்பது.

அப்படிக் காட்டினால், நம் ஊரில் பெரும்பாலும் காரணம் பெயர். பள்ளிச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ‘கார்த்திக் சுப்பிரமணியன்’. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பதிவு செய்யும்போது ‘எஸ் கார்த்திக்’. மூன்றும் ஒரே பிள்ளை என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மதிப்பெண் வந்து வேறொரு மூலையில் கிடக்கும். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். ஏற்கெனவே மாறியிருந்தால், விண்ணப்பத்தில் உள்ள பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், எந்த ஆவணம் எந்தப் பெயரில் வந்திருக்கும் என்ற நான்கையும் எழுதி ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள். கூரியரில் மறுபடி அனுப்பினால் குழப்பம்தான் கூடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பிறகு விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்து வங்கிக் கணக்கு வரை தொல்லை தரும். இனிமேல் விண்ணப்பிக்கப் போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இதை இப்போதே சரிசெய்துகொள்ளலாம்.

தள்ளிவைக்கப்பட்ட பிள்ளை செய்ய வேண்டியது என்ன? முதல் மூன்று நாள், ஒன்றும் வேண்டாம். கோபத்திலும் அழுகையிலும் எழுதிய அஞ்சல் எதையும் போகவிடக் கூடாது. பிறகு அந்தப் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று படிக்க வேண்டும். எம்.ஐ.டி. கடிதம் எதையும் கேட்பதில்லை. பிப்ரவரியில் நிரப்ப ஒரு படிவம் போர்ட்டலில் வரும், அதில் அரையாண்டு மதிப்பெண்ணும் புதிதாக நடந்தவையும் எழுதினால் போதும். வேறு பல இடங்களில், இன்னும் அங்கே சேர விருப்பம் இருக்கிறது என்று ஒரு கடிதத்தைப் போர்ட்டலில் ஏற்றலாம். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 300 சொல் போதும். அதில் நவம்பர் 1-க்குப் பிறகு நடந்தவை மட்டும் இருக்க வேண்டும். நவம்பரில் எழுதிய மண்டலக் கணித ஒலிம்பியாடின் முடிவு வந்து, ஜனவரியில் தேசியச் சுற்றுக்குப் போகிறார் என்றால் அது செய்தி. தொடங்கிய ஒரு வேலை முடிந்து பயன்பாட்டுக்கு வந்திருந்தால் அது செய்தி. நவம்பரில் எழுதியதையே வேறு சொற்களில் திரும்ப எழுதுவது செய்தி அல்ல. ‘முதல் விருப்பம் நீங்கள்தான், கிடைத்தால் கட்டாயம் சேர்வேன்’ என்று ஓரிடத்துக்கு மட்டுமே எழுதலாம், அதுவும் உண்மையாக இருந்தால். எம்.பி.யிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்புவது, மாமாவை விட்டு போன் பேசச் சொல்வது, கூடுதலாக ஐந்து ஆசிரியர் பரிந்துரைகள் அனுப்புவது, இவை எல்லாம் கெடுதலே செய்யும்.

இறுதியாக ‘இல்லை’ என்றே வந்துவிட்டால், அதே ஆண்டு வழக்கமான சுற்றில் அதே இடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டு எழுதினாலும் காரணம் சொல்ல மாட்டார்கள். இந்தச் சமயத்தில் ‘ஏர்லி டிசிஷன் 2’ என்ற இன்னொரு வாசலை ஏஜென்சிகள் காட்டும். சிகாகோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாண்டர்பில்ட், நியூயார்க் பல்கலைக்கழகம் போன்றவற்றில் ஜனவரி முதல் வாரம் கடைசி நாள், பிப்ரவரி நடுவில் முடிவு. அதுவும் கட்டுப்பாடு உள்ளதே. முதல் ஏமாற்றத்தின் சூட்டில், அரை மனதுள்ள ஓரிடத்துக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முன் பணத்தைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறோம். இந்தப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு 80 ஆயிரம் டாலருக்கு மேல், சுமார் 70 லட்ச ரூபாய். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், பௌடின், பிரவுன் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களிடமும் பண வசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவையான முழு உதவியையும் தருகின்றன. வேறு பெரும்பாலான இடங்களில், உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவர் என்பதே தேர்வில் கணக்கில் எடுக்கப்படும். ஏர்லி டிசிஷனில் கிடைத்து, உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் நான்கு இடங்களின் உதவித்தொகையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு அதில் இல்லை. அவர்கள் தளங்களில் உள்ள செலவுக் கணிப்பான் அமெரிக்கக் குடும்பங்களுக்காகச் செய்தது. நம் வருமானத்தைப் போட்டால் வரும் தொகையை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். நிதியுதவிக்கு, குடும்பத்தின் வருமானம், சொத்து விவரங்களைக் கேட்கும் சி.எஸ்.எஸ். படிவத்தோடு வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். விவசாயக் குடும்பம், வரிக் கணக்கே இல்லை என்றால், தாசில்தார் தரும் வருமானச் சான்று, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, வரிக் கணக்கு தாக்கல் செய்யாததற்கான உறுதிமொழி ஆகியவை வேண்டும். வருமானச் சான்று கைக்கு வர நாளாகும். இடம் கிடைத்த பின் ஓடினால் நேரம் போதாது. இன்னொன்று: இடம் கிடைத்த கடிதமும் உதவித்தொகைக் கடிதமும் தனித்தனி. இரண்டையும் பார்த்த பிறகே ‘கிடைத்துவிட்டது’ என்று சொல்ல முடியும்.

இனி தலைமை ஆசிரியர்களுக்கு. அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கென்றே கவுன்சலர் இருக்கிறார். நம் ஊரில் அந்த இடத்தில் தலைமை ஆசிரியரோ வகுப்பாசிரியரோதான். மாணவர் காமன் ஆப் தளத்தில் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்ததும் ஓர் அழைப்பு வரும். பள்ளியின் பொது மின்னஞ்சலில் அது பெரும்பாலும் ஸ்பாமில் விழுந்து கிடக்கும். அதன் வழியாகத்தான் மதிப்பெண் பட்டியலும் பரிந்துரையும் போக வேண்டும். நவம்பரில் அனுப்பியதோடு முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அரையாண்டு மதிப்பெண்ணோடு ‘மிட் இயர் ரிப்போர்ட்’ என்ற இரண்டாவது அறிக்கை போக வேண்டும். தள்ளிவைக்கப்பட்ட பிள்ளையின் கோப்பைப் பிப்ரவரியில் மறுபடி திறக்கும்போது அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், பொங்கல் விடுமுறைக்கு முன்பாக, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, ஸ்கேன் செய்து ஏற்றிவிட வேண்டும். அந்த வாரம் தவறினால் செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று பிப்ரவரி போய்விடும். சாய்வாக எடுத்த செல்போன் படம் வேண்டாம். நேராக ஸ்கேன் செய்த பிடிஎஃப் போதும்.

மதிப்பெண்ணோடு பள்ளியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு சேர்ப்பது பெரிய உதவி. 600-க்கு 571 என்றால் அங்கே படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. பள்ளியில் பிளஸ் 2 படிப்பவர் எத்தனை பேர், மாநிலப் பாடத்திட்டமா சி.பி.எஸ்.இ.யா, சென்ற ஆண்டின் முதல் மதிப்பெண் என்ன, எந்தப் பாடப் பிரிவுகள் இருக்கின்றன, பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று நேராக எழுதினால் போதும். அறிவியல் ஆய்வகம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். இருந்த வாய்ப்பில் பிள்ளை என்ன செய்தது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு இல்லை என்று தமிழக அரசு அறிவித்துவிட்டதால், இனி வரும் மாணவர்களுக்குப் பிளஸ் 1-இல் பள்ளி தரும் மதிப்பெண்ணே பல்கலைக்கழகத்துக்குப் போகும். அந்தப் பதிவேடுகளை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒழுங்காக வைத்திருப்பது இப்போது முன்பைவிட முக்கியம்.

இடம் கிடைத்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கடிதம் நிபந்தனையுடன் வருவது. பொதுத்தேர்வு முடிந்தபின் இறுதி மதிப்பெண் போக வேண்டும். பெரிய சரிவு இருந்தால் விளக்கம் கேட்பார்கள், இடத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. தள்ளிவைக்கப்பட்டவர்களும் கிடைக்காதவர்களும் ஜே.இ.இ.யைக் கைவிடக் கூடாது. முதல் அமர்வுக்கான விண்ணப்பம் கடந்த ஆண்டுகளில் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. தவறவிட்டவர்களுக்கு, இரண்டாம் அமர்வுக்குப் பிப்ரவரியில் மீண்டும் வாய்ப்பு வரும். நீட், கியூட், பொறியியல் கலந்தாய்வு எதையும் அமெரிக்கப் பதிலுக்காக நிறுத்திவைக்க வேண்டாம்.

பெற்றோர்களே, முடிவு வந்த அன்று பிள்ளையிடம் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அன்றே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இரண்டு மூன்று நாள் போனால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழக அரசின் 104, மத்திய அரசின் 14416 ஆகிய மனநல உதவி எண்களில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் பெற்றோர் பேசி, எப்படி நடந்துகொள்வது என்று கேட்டுக்கொள்ளலாம்.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. நவம்பர் கடைசி வாரத்தில், முக்கியப் பல்கலைக்கழகங்களின் முடிவு நாளையும் ஜனவரிக் கடைசி நாளையும் இந்திய நேரத்தில் ஒரு சிறு கட்டமாக வெளியிடுங்கள். இடம் கிடைத்த மாணவரைப் பேட்டி காணும்போது, வேறு எத்தனை இடங்களுக்கு விண்ணப்பம் தயாராக வைத்திருந்தார், பள்ளியில் யார் அந்தப் படிவங்களை நிரப்பினார் என்றும் கேட்டு எழுதுங்கள். பள்ளிக் கல்வித் துறைக்கு ஒன்று: அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பாசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மிட் இயர் ரிப்போர்ட்டை ஏற்றும் முறையையும், பள்ளிக் குறிப்பின் மாதிரி ஒன்றையும் ஆங்கிலத்தில் தயாரித்து, அரையாண்டு விடுமுறைக்கு முன்பே அவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒருவர் ஜனவரி முதல் இரண்டு வாரங்களில் தொலைபேசியில் சந்தேகம் தீர்க்கக் கிடைத்தாலும் போதும்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.